தறப்பாள் கொட்டகை பிறந்த கதை

வன்னியில் வயது போன ஒரு தாய் கண்ணை மூடினால், அழுகை கொஞ்சம் அடங்கியதும் யாராவது ஒருவர் கொப்பியும் பேனையும் தேடுவார். மரண அறிவித்தல் எழுத வேண்டும். பத்திரிகைக்குப் போக வேண்டும், றேடியோவுக்குப் போக வேண்டும், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக இணையத்துக்கும் போக வேண்டும். எழுதும் முறை எல்லோருக்கும் மனப்பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவி, இன்னார் இன்னாரின் பாசமிகு தாயார், இன்னாரின் மாமியார், இன்னாரின் அன்புப் பேத்தியார். (அம்மம்மாவையும் அப்பம்மாவையும் எங்கள் அறிவித்தல்கள் பேத்தியார் என்றுதான் சொல்லும்.)

பிள்ளைகளின் பெயரை வரிசையாக எழுதிக்கொண்டு போகும்போது ஒரு பெயரில் பேனை நின்றுவிடும். 2009 மே மாதம், போர் முடிந்த நாட்களில், வட்டுவாகலிலோ ஓமந்தையிலோ படையினரிடம் போன மகனின் பெயர் அது. முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டால், அந்தத் தாய் பத்துப் பதினைந்து வருடம் ஒத்துக்கொள்ளாத ஒன்றை அவர் கண்மூடிய அன்றைக்கே வீட்டார் ஒத்துக்கொண்டதாகிவிடும். போடாவிட்டால் கனடாவில் இருக்கும் மகளுக்கும் பிரான்ஸில் இருக்கும் மகனுக்கும் நடுவில் ஊர் இல்லாத ஒரு பெயர் நிற்கும். சில வீடுகளில் அடைப்புக்குறி போட்டு 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று எழுதுகிறார்கள். செத்த வீட்டிலும் இதே சிக்கல். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். பந்தம் பிடிக்க வேண்டிய பேரன் தகப்பனின் இடத்தில் நின்று கொள்ளி வைக்கிறான்.

இந்தத் தாய்மாரின் வாழ்க்கையை எழுதப் புகுந்தால் அதன் கடைசி அத்தியாயம் வீட்டில் நடக்காது. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் வாசலில், வவுனியாவில் கண்டி வீதியோரம், முல்லைத்தீவில் என்று தறப்பாளும் தகரமும் போட்ட போராட்டக் கொட்டகைகளில்தான் நடக்கும். அந்தக் கொட்டகை பிறந்த கதையைச் சொல்லாமல் அவர்களுடைய கதையைச் சொல்ல முடியாது.

போர் முடிந்தபோது ஏறக்குறைய 2 இலட்சத்து 80 ஆயிரம் பேர் முகாம்களுக்குப் போனார்கள்; கடைசியாகப் போனவர்கள் நந்திக்கடலையும் வட்டுவாகல் பாலத்தையும் கடந்து போனார்கள். புலிகள் இயக்கத்தில் ஒரு நாளாவது இருந்தவர்கள் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று வழியில் அறிவித்தார்கள். எத்தனையோ தாய்மார் அதை நம்பினார்கள். மறைத்தால்தான் ஆபத்து என்று நினைத்துத் தாங்களே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தார்கள். மே 18-ல் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் முன்னிற்க ஒரு கூட்டம் பஸ்ஸில் ஏறியது. பெண்சாதி பிள்ளைகளோடு ஏறியவர்களும் அதில் உண்டு. பாதிரியாரும் திரும்பி வரவில்லை. இரவில் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள் என்றால் பழி முழுவதும் பிடித்தவன் மேல் போய்விடும். நானே கொண்டுபோய்க் குடுத்தனான் என்று சொல்கிற தாய்க்கு அந்த ஆறுதலும் கிடையாது. இத்தனை வருடம் அவர் வெயிலில் இருந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

முதல் எட்டு வருடமும் கொட்டகை இல்லை, வரிசைதான் இருந்தது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரு வரிசை. பூசா, வெலிக்கந்தை என்று தடுப்பு முகாம் இருப்பதாகக் கேள்விப்பட்ட இடங்களில் எல்லாம் ஒரு வரிசை. செஞ்சிலுவைச் சங்கத்தில், மனித உரிமைகள் ஆணைக்குழுவில், பொலிஸில் ஒவ்வொரு வரிசை. 2010-ல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தது. அங்கே போய்ச் சொன்னார்கள். 2013-ல் காணாமற்போனோர் பற்றி விசாரிக்கப் பரணகம ஆணைக்குழு அமைக்கப்பட்டு, 2014 ஜனவரியில் அதன் முதல் அமர்வும் கிளிநொச்சியில்தான் நடந்தது. திரும்பவும் முதலில் இருந்து சொன்னார்கள். பிள்ளையைக் கேட்டுப் போன இடத்தில் ஆடு, கோழி, வாழ்வாதாரம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்கள் என்று வெளியில் வந்து பொருமினார்கள்.

ஒவ்வொருவர் கையிலும் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு பைல் இருக்கும். அதற்கு மேலே ஒரு படம்.

படத்துக்கும் ஒரு கதை உண்டு. வன்னிச் சனம் கடைசி இடப்பெயர்வில் மன்னார்க் கரையிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை பத்துப் பன்னிரண்டு இடம் மாறியது. முதலில் கட்டில், அலுமாரி விடுபட்டன. பிறகு உழவு இயந்திரத்தில் ஏற்றியவை. கடைசியில் சூட்கேஸ், அதற்குள் கலியாண அல்பம். ஆக, முகாமுக்கு வந்து சேர்ந்தபோது பல தாய்மாரிடம் மகனின் முகம் ஒன்றுகூட இல்லை. தேடத் தொடங்கினார்கள். அடையாள அட்டைக்கு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று தறப்பாள் பையின் அடியில் கிடைத்தது. யாழ்ப்பாணத்துச் சித்தி வீட்டில் சாமத்திய வீட்டுப் படத்தில் மூன்றாவது வரிசையில் தலை மட்டும் தெரிந்தது. சுவிஸுக்கு எப்போதோ அனுப்பிய படத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கினார்கள். ஸ்ரூடியோக்காரர் அந்தத் தலையை வெட்டிப் பெருப்பித்து, பின்னால் நீல நிறம் கொடுத்து, லமினேற் பண்ணிக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் தோள்மூட்டு மூலையில் தெரியும் படங்களை அந்தக் கொட்டகைகளில் இன்றைக்கும் பார்க்கலாம். காணாமல் ஆக்கப்பட்டபோது முப்பது வயதான குடும்பஸ்தனாக இருந்தவன், படத்தில் பதினாறு வயதுப் பள்ளிக்கூடப் பெடியனாக நிற்பான். கிடைத்த படம் அதுதான்.

2015-ல் ஆட்சி மாறியது. ஜெனீவாவில் தீர்மானம், 2016 மே மாதம் காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான ஐ.நா. சமவாயத்தை ஏற்றது, ஓகஸ்டில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் என்று காகிதத்தில் நல்ல வேகம். தரையில் ஒன்றும் அசையவில்லை. அந்த அலுவலகத்துக்கு ஆணையாளர்களை நியமிக்கவே 2018 பெப்ரவரி ஆனது.

இனி 2017-க்கு வருவோம். கொட்டகையின் சாதகம் அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களுக்குள்தான் இருக்கிறது.

ஜனவரி 23-ல் வவுனியாவில், தபாலகத்துக்குப் பக்கத்தில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார்கள். சென்னை மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியிருந்த இளைஞர்களைப் பொலிஸ் கலைத்த அதே நாள். உலகத் தமிழரின் கண் முழுவதும் அங்கே இருந்தது. வவுனியாவில் இருந்தவர்களில் பலர் அறுபது தாண்டியவர்கள், சீனி வருத்தம், பிரஷர் வருத்தம் உள்ளவர்கள். நான்காம் நாள் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ருவான் விஜேவர்தன வந்தார். பெப்ரவரி 9-ம் திகதி கொழும்பில் பேசுவோம் என்று வாக்குக் கொடுத்தார். தண்ணீர் குடித்து எழும்பினார்கள்.

இடையில் ஜனவரி 31-ல், முல்லைத்தீவு கேப்பாப்புலவுக்குப் பக்கத்தில் பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாசலில் போய்க் குந்திவிட்டார்கள். தங்கள் காணியைத் திருப்பித் தராமல் எழும்புவதில்லை என்பதுதான் பேச்சு. தறப்பாளைக் கட்டி, அங்கேயே சமைத்து, அங்கேயே படுத்து, பிள்ளைகளுக்கு அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்து ஒரு மாதம் இருந்தார்கள். மார்ச் 1-ல் காணி கிடைத்தது. உண்ணாவிரதம் உடம்பை முடித்துவிடும். ஒருநாள் ஆர்ப்பாட்டம் மறுநாள் பத்திரிகையோடு முடிந்துவிடும். இருந்தே போராடலாம் என்ற வழியை வன்னிக்குக் காட்டியது பிலவுக்குடியிருப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தச் சனத்துக்கு அதற்குரிய பெயர் கிடைக்கவில்லை.

பெப்ரவரி 9-ல் பேச்சுக்காகக் கொழும்பு அலரி மாளிகைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். பதினொரு நாள் கழித்து, பெப்ரவரி 20-ல், கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் முதல் தறப்பாள் கட்டப்பட்டது. 24-ல் வவுனியா. மார்ச் 8-ல் முல்லைத்தீவு. திருகோணமலையிலும் வடமராட்சி கிழக்கு மருதங்கேணியிலும் அதே மாதத்தில் கொட்டகைகள் எழும்பின. நாலு கம்பு, ஒரு தறப்பாள், பாய், கொஞ்சம் பிளாஸ்ரிக் கதிரை, சாமிப்படம், விளக்கு. வன்னிப் பெண்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலை இல்லை. தொண்ணூறுகளில் இருந்தே எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் பொழுதுபடுவதற்குள் தறப்பாளைக் கட்டி உலை வைத்தவர்கள் அவர்கள். ஓடுவதற்குப் பழகிய கை, இந்த முறை அசையாமல் இருப்பதற்காக அதே முடிச்சைப் போட்டது.

கோயில் வாசலைத் தேர்ந்ததில் நடைமுறைப் புத்தியும் இருக்கிறது. ஏ9 வீதியால் கொழும்பு, யாழ்ப்பாணம் போகும் எல்லா வாகனத்துக்கும் கண்ணில் படும் இடம். கிணறும் மரமும் பக்கத்தில். பொலிஸும் ஒரு கோயில் வாசலில் கைவைக்க ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிக்கும்.

பலகையில் எத்தனையாவது நாள் என்று எழுதத் தொடங்கினார்கள். நூறாவது நாளான மே 30-ல் கிளிநொச்சியில் ஏ9 வீதியை மறித்தார்கள். அதன் பிறகுதான் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன சந்திக்கச் சம்மதித்தார். ஜூன் 12-ல் யாழ்ப்பாணத்தில் சந்திப்பு நடந்தது. சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியிட நடவடிக்கை எடுப்பதாகச் சொன்னார். பட்டியல் வரவில்லை. கிளிநொச்சிக் கொட்டகையின் ஆயிரமாவது நாள் 2019 நவம்பர் 16. அன்றுதான் நாடு வாக்குச் சாவடிக்குப் போய், 2009-ல் பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்சவை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. இரண்டு மாதத்தில், காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் அவர் சொன்னார். மரணச் சான்றிதழ் தரலாம் என்றும் சொல்லப்பட்டது. 2022-ல் அமைச்சரவை ஒரு குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று முடிவெடுத்தது. கொட்டகை இரண்டையும் திருப்பி அனுப்பியது.

இலங்கையில் தாய்மார் வீதிக்கு வந்தது இது முதல் தடவை இல்லை. 1984-ல் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் பிடிபட்டபோது யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி கிளம்பிக் கச்சேரிக்கு ஊர்வலம் போனது. 1990-ல் மாத்தறையில் சிங்களத் தாய்மாரும் அதே பெயரில் ஒரு முன்னணியைத் தொடங்கினார்கள். ஜே.வி.பி. கிளர்ச்சியை அடக்கும்போது காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக அவர்கள் அழுதார்கள், தேங்காய் உடைத்துச் சாபம் போட்டார்கள். அவர்களுக்குத் துணை நின்ற இளம் எம்.பி.க்கள் இருவர்: மங்கள சமரவீரவும் மகிந்த ராஜபக்சவும். அந்த ஆண்டு செப்டெம்பரில், காணாமற்போனவர்களின் படங்களையும் விபரங்களையும் எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் புறப்பட்ட மகிந்தவை விமான நிலையத்தில் மறித்து அந்தக் காகிதங்களைப் பறித்தார்கள். 2009-ல் நாட்டின் ஜனாதிபதி அவர். கிளிநொச்சிக் கொட்டகையில் இந்தக் கதையைச் சொன்னால் யாரும் வியப்பதில்லை.

கொட்டகைக்குள் ஒற்றுமை கொடிகட்டிப் பறந்தது என்று எழுதினால் பொய். சங்கங்கள் இரண்டாகின, மாவட்டத்துக்கு மாவட்டம் கருத்து வேறுபட்டது. வவுனியாவில் அமெரிக்கக் கொடியையும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியையும் பிடித்தபோது பலர் முகம் சுளித்தார்கள். நானும் அதை விரும்பியவன் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் எந்தக் கதவும் திறக்காதபோது தூரத்துக் கதவைத் தட்டுகிறவரைக் கேலி பண்ணவும் எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெண்களின் ஒரு நாளைப் பாருங்கள். விடிய நாலு மணிக்கு எழும்பிப் பேரப்பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவனின் பிள்ளைகள் அவர்கள். தாய் உடுப்புத் தைக்கும் கொம்பனிக்கு வேலைக்குப் போகிறவராக இருக்கும். சில வீடுகளில் தாயும் இல்லை. பேரனைப் பள்ளிக்கூடம் அனுப்பி, கோழிக்குத் தீன் போட்டு, வீட்டைக் கூட்டி, எட்டு மணி பஸ்ஸில் ஏறுவார் அந்த அம்மம்மா. தருமபுரத்திலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ வருகிறவர்களுக்குப் பஸ் காசே ஒரு செலவு. அதனால் முறை வைத்துக்கொண்டார்கள்: இன்றைக்கு இந்த ஊர், நாளைக்கு அந்த ஊர். கொட்டகையில் பிளேன்ரீ, வெற்றிலை, மருந்துக் குளிசை. தேங்காய் விலையில் தொடங்கும் பேச்சு பேத்தியின் சோதனை முடிவுக்குப் போகும். வெளிநாட்டில் இருந்து யாராவது கமெராவோடு வந்தால் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுவார்கள். அழுகை உண்மை. கமெரா போனதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீனி காணாது என்று தேத்தண்ணி போட்டவரைப் பேசுவதும் உண்மை. பின்னேரம் மூன்று மணிக்குப் பேரன் பள்ளிக்கூடம் விட்டு வருவான் என்று எழும்பி ஓடுவார்கள்.

இப்படி இருந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இன்றைக்கு இல்லை. ஒருவரைச் சலரோகம் கொண்டுபோனது, ஒருவரை மாரடைப்பு, ஒருவரைக் கொரோனா. செத்த வீட்டுக்கு மற்றத் தாய்மார் போய் வருவார்கள். மகனின் படத்தை இனி யார் பிடிப்பது என்பது ஒரு கேள்வி. சில இடங்களில் மருமகள் பிடிக்கிறார். சில இடங்களில் தகப்பனின் முகத்தைப் படத்தில் மட்டும் அறிந்த பேத்தி பிடிக்கிறாள்.

இங்கேதான் ஆர்ஜென்டீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே இராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைக் கேட்டு, 1977 ஏப்ரல் 30-ல் 14 தாய்மார் புவனஸ் அயர்ஸில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் உள்ள மே சதுக்கத்தில் கூடினார்கள். கூடி நிற்கக் கூடாது என்று பொலிஸ் விரட்ட, நிற்காமல் நடக்கத் தொடங்கினார்கள். ஒருவரை ஒருவர் அடையாளம் காணத் தலையில் கட்டிய வெள்ளைத் துணி, முதலில் குழந்தைகளுக்குக் கட்டும் அரைத்துணி. அதே ஆண்டில் அவர்களில் இருந்து பாட்டிமாரின் அமைப்பு ஒன்று பிரிந்து பிறந்தது. இராணுவம் பிடித்த கர்ப்பிணிகள் சிறையில் பெற்ற குழந்தைகளையும், கைக்குழந்தையாகப் பறிபோனவர்களையும் தேடுவது அவர்கள் வேலை. பெற்றோர் இல்லை; பிள்ளை கிடைத்தாலும் யாருடையது என்று எப்படி நிறுவுவது? பாட்டியின் இரத்தத்தை வைத்துப் பேரனை நிறுவ வழி உண்டா என்று நாடு நாடாகப் போய் விஞ்ஞானிகளைக் கேட்டார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1984-ல் அவர்களோடு சேர்ந்தார். தாய்வழியாக மட்டும் இறங்கும் மரபணுப் பகுதி ஒன்று அம்மம்மாவிலும் பேரப்பிள்ளையிலும் ஒரே மாதிரி இருக்கும் என்ற உண்மை கைகொடுத்தது. 1987-ல் பாட்டிமாரின் இரத்த மாதிரிகளைக் காக்க அரசே சட்டம் போட்டு ஒரு மரபணு வங்கியை அமைத்தது. இதுவரை 130-க்கு மேற்பட்ட பேரப்பிள்ளைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். அமைப்பின் தலைவி எஸ்தெலா தெ கார்லோத்தோ தன் பேரனை 2014-ல் கண்டார்.

எங்கள் மண்ணுக்குத் திரும்புவோம். 2023 ஜூன் கடைசியில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் தாழ்க்க வெட்டிய இடத்தில் எலும்புகள் வந்தன. அகழ்வு முடிய 52 பேரின் எச்சங்கள் கணக்கானது. 1990-களின் நடுப்பகுதியில் புதைக்கப்பட்டவர்கள் என்று தொல்லியல் ஆய்வு சொன்னது. 2025-ல் யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தியில் 200-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அந்த ஓகஸ்டில் புதைகுழியில் கிடைத்த உடுப்பு, பொம்மை, புத்தகப்பை முதலியவற்றை அடையாளம் காட்டச் சொல்லிச் சனத்துக்குக் காட்டினார்கள். துணியைப் பார்த்து மகனைச் சொல்லச் சொன்னால் எந்தத் தாய்தான் திடமாகச் சொல்வார்? எலும்பில் இருந்து மரபணு எடுக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க உறவின் மாதிரி இல்லாவிட்டால் அதனால் பயன் இல்லை. சகோதரங்கள் கொடுக்கலாம்தான். ஆனால் அதைவிடப் பெற்ற தாய், தகப்பனின் மாதிரி உறுதியானது. ஒவ்வொரு செத்த வீட்டிலும் அந்தச் சாட்சியமும் சேர்ந்து எரிகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. விசாரணை எப்போது, சர்வதேசமா உள்நாடா, எந்தச் சங்கம் சரி என்ற சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். இருக்கிற தாய்மார், தகப்பன்மாரின் மரபணு மாதிரியை, அவர்கள் நம்பும் ஒரு இடத்தில், அவர்கள் சம்மதத்தோடு, இந்த வருடமே எடுத்து வைக்கத் தொடங்குங்கள். அரசாங்கத்திடம் கொடுக்க அவர்கள் பயந்தால் பயத்துக்குக் காரணம் உண்டு; சுயாதீனமான ஏற்பாடு ஒன்றைச் சட்டத்தரணிகளும் மருத்துவர்களும் பல்கலைக்கழகமும் கேட்டுப் பெற வேண்டும். செலவை ஏற்கப் புலம்பெயர்ந்த சகோதரங்கள் இருக்கிறார்கள். இரத்தம் எடுக்கும்போதே பக்கத்தில் இருந்து அவர்கள் சொல்வதையும் பதிந்துவிடுங்கள்: எந்த நாள், எந்தப் பாலம், எந்த நிறச் சேட்டு.

ஆர்ஜென்டீனப் பாட்டிமார் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் சிச்சா மரியானி. மூன்று மாதக் குழந்தையாக 1976-ல் தூக்கிச் செல்லப்பட்ட பேத்தியை அவர் நாற்பது வருடத்துக்கு மேல் தேடினார். காணாமலே 2018-ல், 94 வயதில் இறந்துபோனார். பேத்தி எங்காவது உயிரோடு இருந்து நாளைக்கு அந்த வங்கியின் வாசலுக்கு வந்தால், அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல அங்கே வழி இருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆச்சிமாருக்கு அந்த ஏற்பாட்டையாவது செய்து கொடுங்கள்.